மோரெனிகேயின் காலில் ஒரு கோடு

நைஜீரியாவின் இபாடான் நகரில் துணிக்கடை வைத்திருந்த மோரெனிகேயின் காலில் சிறு வயதிலிருந்தே செதில் செதிலான கோடு ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. கணவன் அக்கின்யெமி அது ஒட்டிக்கொள்ளும் என்று தள்ளியே படுத்தான்.

பிறவி மச்சமா, சொரியாசிஸா என்று டாக்டருக்கும் குழப்பம். தோல் துணுக்கை எடுத்து, அதிலுள்ள ஒரு புரதம் மட்டும் பழுப்பாகத் தெரியும்படி சாயமேற்றிப் பார்த்தார். சொரியாசிஸ் என்றால் செதிலுக்கு அடியில் பழுப்பு அடர்ந்திருக்கும். இங்கே வெளிறிக் கிடந்தது.

"பிறவி மச்சம்தாம்மா. அரிப்புக்குக் களிம்பு தர்றேன்."

"ஒட்டாதுல்ல, டாக்டர்?" என்றான் அக்கின்யெமி.

"சொரியாசிஸ்கூட ஒட்டாதுப்பா."

"ஒட்டுறதா இருந்தா இவரோட குறட்டை எனக்கு எப்பவோ ஒட்டியிருக்கும், டாக்டர்," என்றாள் மோரெனிகே.

மருத்துவமனை வாசலில் அக்கின்யெமி வறுத்த வாழைப்பழம் வாங்கித் தந்தான். அத்தனையையும் தானே தின்றுவிட்டுத்தான் அவள் அவன் கையைப் பிடித்தாள்.