எழுபத்தெட்டு என்றொரு பொய்

சிவசோதியின் முழங்கால்கள் இரண்டும் மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டன. விடியற்காலையிலிருந்து ஒரு புதுவீட்டுக் குளியலறையில் மண்டியிட்டு டைல் பதித்த மனிதர், வேனிலிருந்து ஒரு காலை இறக்கிவிட்டு மற்றக் காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே போடவேண்டியிருந்தது. தங்கள் ஹோம்புஷ் ஃபிளாட்டின் கார் தரிப்பிடத்தில் அப்படியே வேன் விளிம்பில் குந்தியிருந்து சித்தாலேப தைலத்தை எடுத்துத் தேய்த்தார். நோ இருந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பும் இருந்தது. இருபது வருசமாய் முழங்காலில் நின்று உழைத்தவருக்கு நோவும் சிரிப்பும் ஒன்றாய் வந்த நாள் அது ஒன்றுதான்.

பல்கலைக்கழகத்துக்கான பரீட்சை முடிவு வந்து, காலைத் தேநீர் நேரத்தில் மகள் தாரகா போன் பண்ணியிருந்தாள். "அப்பா, நைன்ட்டி ஃபோர் பொயிண்ட் சிக்ஸ்."

பள்ளிக்கூடத்தில் படிப்பு ஆலோசனை சொல்கிற வெள்ளைக்காரப் பெண் ஆவணி மாதமே முடிவு கட்டியிருந்தாள்: இவளுக்கு எழுபத்தெட்டு, மிஞ்சிப்போனால் எண்பது. அதை நம்பித்தான் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதலாவது விருப்பமாகக் கணக்கியலைப் போட்டார்கள். அதை நம்பித்தான் சிவசோதி, காற்சட்டையில் சீமெந்துத் தூள் போகாமல், பரமட்டாவில் இந்திரகுமாரின் கணக்காளர் அலுவலகத்துக்குப் போய்க் கதிரை நுனியில் இருந்து கெஞ்சினார். பிள்ளை கிட்டடியில் படிக்கட்டும், கிழமையில் மூன்று நாள் உங்களோடு வேலை பழகட்டும், அதற்குப் பதிலாக உங்கள் வீட்டுக் குளியலறைக்கு நான் டைல் பதித்துத் தருகிறேன் என்றார். "பாத்ரூம் கிடக்கட்டும் அண்ணை, பிள்ளையை அனுப்புங்கோ" என்று சொன்னவன் இந்திரகுமார். தன் மச்சானின் மகன் கேட்ட இடத்தை அவனுக்கு இல்லையென்று சொல்லி, தாரகாவுக்கு ஒதுக்கி வைத்தான்.

போன் அடித்தது. அதே இந்திரகுமார்தான்.

"சோதியண்ணை, ரிசல்ட்ஸ் வந்திட்டுதாம். பிள்ளைக்கு எவ்வளவு?"

தொண்ணூற்று நாலு என்று சொல்லத்தான் சிவசோதி வாயைத் திறந்தார். அந்த வாய்க்கு முன்னால் மனைவி நாகேஸ்வரி நினைவில் வந்து நின்றாள். பல்கலைக்கழகக் கடிதம் கையில் வருமட்டும் ஒருத்தரிட்டையும் மூச்சு விடக்கூடாது என்பது அவள் காலையில் போட்ட கட்டளை. அவளுடைய தமக்கை மகனின் மார்க்கைத் தகப்பன் கோயில் மண்டபத்தில் நின்று எல்லோருக்கும் சொல்லி, அந்தக் கிழமையே பெடியன் சைக்கிளால் விழுந்து கையை முறித்தான். நாவூறு. கதை அத்தோடு சரி.

"எழுபத்தெட்டு" என்றார் சிவசோதி.

"பாத்தியளே, ஸ்கூல்காரர் சொன்னது அச்சொட்டு! எங்கடை கோர்ஸுக்கு அது காணும். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பிள்ளைக்குப் புதுக் கதிரை எடுத்திருக்கிறன், சில்லு வச்சது."

மேலே போனார். கதவைத் திறக்கும் முன்பே மிளகாய் மணம் மூக்கைப் பிடுங்கியது. நாகேஸ்வரி செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துத் தாரகாவின் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, குசினி அடுப்பில் போட்டிருந்தாள். மிளகாய் வெடித்தது, அதோடு கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணியும் அலறத் தொடங்கியது. தாரகா கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஃபயர் பிரிகேட் வந்தா ஃபைன் கட்டவேணும்!"

"கட்டுவம். கமறல் வரேல்லை பாத்தியே? அவ்வளவு கண் பட்டிருக்கு!"

"கமறல் வரேல்லையோ? எனக்கு மூச்சே வரேல்லை!"

மணி ஓய்ந்து, ஜன்னல் எல்லாம் திறந்து, மூன்று பேரும் இருமி முடித்த பிறகுதான் தாரகா விசயத்துக்கு வந்தாள். கணக்கியல் வேண்டாம். சிவில் எஞ்சினியரிங். நகரத்துக்கு அங்கால் இருக்கிற பெரிய யூனி. தொண்ணூற்று நாலுக்குத் தாராளமாய்க் கிடைக்கும். ஒன்லைனில் விருப்ப வரிசையை மாற்றினால் போதும், ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு.

"எஞ்சினியரோ?" என்றார் சிவசோதி. "வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு சைட்டுக்கு வந்து, சப்பாத்திலை சேறு படாமல் நிண்டு கத்துவாங்களே, அவங்களோ?"

"ஓம் அப்பா. அவங்கள்தான்."

சிவசோதி வாசலில் கழற்றி வைத்த தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப நல்ல சப்பாத்தாய் வாங்கு" என்றார்.

"மாத்துவன். ஆனா முதல் நீங்க இந்திரன் அங்கிளுக்குச் சொல்லவேணும்."

"நீ மாத்து. நான் பிறகு சொல்லுறன்."

"நோ. அவர் எனக்காக மச்சானோடை சண்டை பிடிச்சவர். அவருக்குத் தெரியாமல் மாத்தினா அது களவு. நீங்கதான் கேட்டுப் போனீங்கள், நீங்கதான் போய்ச் சொல்லவேணும். நீங்க சொன்னா நான் கிளிக் பண்ணுவன். இல்லாட்டி எக்கவுண்டிங்."

"எடி, பிடிவாதம் ஆரிட்டையடி பழகினனீ?"

நாகேஸ்வரி குசினிக்குள் இருந்து, "கண்ணாடியிலை பாருங்கோ" என்றாள்.

சொல்வது பெரிய வேலையா? சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது சொல்ல வேண்டியது ஒன்றல்ல, இரண்டு. பிள்ளை வரமாட்டாள் என்பது ஒன்று. எழுபத்தெட்டு என்றது பொய் என்பது மற்றது. முதலாவதைச் சொன்னால் இரண்டாவது பின்னால் ஓடி வரும். எழுபத்தெட்டுக்கு எந்த யூனி எஞ்சினியரிங் கொடுக்கும்?

நத்தாருக்கு இரண்டு நாள் முன்னால் கிறிஸ்மஸ் கேக் வாங்கிக்கொண்டு பரமட்டாவுக்குப் போனார். இந்திரகுமாரின் அலுவலகம் இரண்டாம் மாடியில். கீழே இனிப்புக் கடை. முழங்காலுக்குப் படி ஒத்துவராது என்று வழக்கம்போல லிஃப்டில் ஏறினார். இந்திரகுமார் புதுக் கதிரையைக் காட்டினான். பிளாஸ்டிக் உறை கூட கழற்றவில்லை. "பிள்ளை வந்து கழட்டட்டும்" என்றான். சிவசோதி ஒரு துண்டு கேக்கை எடுத்து வாயில் போட்டார்.

"எழுபத்தெட்டு, என்ன?" என்று இந்திரகுமார் கேட்டான்.

"ஓம். எழுபத்தெட்டு."

"நல்லது அண்ணை. இன்னொரு துண்டு எடுங்கோ."

சிவசோதி இன்னொரு துண்டையும் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார். தாரகா வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்; ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். வருசப் பிறப்புக்கு வாழ்த்துச் சொல்லப் போன் எடுத்தார். வாழ்த்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். தகப்பனும் மகளும் கதைப்பது குறைந்தது. "டீ போடட்டே அப்பா" என்பதில் கூட ஒரு வெள்ளிக்கிழமை தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. மத்தியானம் வேலை முடிந்து, நாகேஸ்வரி சொன்ன சிவப்பரிசி மா வாங்க ஹோம்புஷ் மசாலாக் கடைக்குப் போனார். கடைக் கண்ணாடியில் அவருடைய மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஆள் உயரப் போஸ்டர். நடுவில் தாரகா, பள்ளிக்கூட உடுப்போடு. அவளுக்குக் கீழே மஞ்சள் எழுத்தில் 94.60. அதற்கும் கீழே, 'எங்கள் மாணவி! உங்கள் பிள்ளையும் வரலாம்!' என்று சடகோபன் டியூஷன் சென்டரின் போன் இலக்கம்.

சடகோபன் கடைக்குள்ளேயே நின்றார், கையில் இன்னொரு சுருள் போஸ்டரோடு. திருச்சிக்காரர். கணக்குப் படிப்பிப்பதில் கெட்டி. அதை ஊருக்குச் சொல்வதில் அதைவிடக் கெட்டி.

"வாங்க சார், வாங்க! உங்க பொண்ணு கலக்கிட்டா. இந்த வாரம் மட்டும் பதினோரு அட்மிஷன்!"

"மாஸ்டர், இதைக் கழட்டுங்கோ."

"ஏன் சார்? மார்க் தப்பா போட்டுட்டேனா?"

"மார்க் சரி. அதுதான் பிழை. எங்கை எடுத்தனீங்கள் இந்தப் படத்தை?"

"அவங்கதான் சார் குடுத்தாங்க. ரிசல்ட் வந்து ரெண்டாவது நாளே. 'நல்லா தெரியிற இடமா ஒட்டுங்க சார்'னாங்க."

சிவசோதிக்கு மெதுவாக விளங்கத் தொடங்கியது. "வேறை எங்கையும் ஒட்டியிருக்கிறியளோ?"

"பரமட்டால ஒண்ணு. ஸ்வீட் கடை மாடில ஒரு ஆடிட்டர் ஆபீஸ் இருக்குல்ல, அந்தப் படிக்கட்டுல. நம்ம ஆளுங்க நிறைய போற வர்ற இடம். கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒட்டியாச்சு."

படிக்கட்டில். லிஃப்டில் போகிறவன் எப்படிக் காண்பான்?

சிவசோதி மாவை மறந்தார். பரமட்டாவில் வேனை நிறுத்த இடம் தேடி, கிடைக்காமல், ஏற்றி இறக்கும் இடத்தில் விட்டுவிட்டு ஓடினார். ஓட்டமென்று அதைச் சொல்லமுடியாது. வாத்து வேகமாய் நடந்த மாதிரி. லிஃப்டைப் பார்த்தார். படியைப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்துப் படியில் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் ஒரு கெட்ட வார்த்தை சொன்னது. நடுத்திருப்பத்தில் தாரகா அதே சிரிப்போடு நின்றாள். இவர் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினார். சடகோபன் பசையிலும் கஞ்சன் இல்லை.

"கிழியாதேங்கோ சோதியண்ணை. நல்ல படம்."

மேற்படியில் இந்திரகுமார் நின்றான், கையில் தேநீர்க் கோப்பையோடு.

சிவசோதியின் நகம் போஸ்டரிலேயே நின்றது.

"நீங்கள் வந்து கேக் சாப்பிட்ட அண்டும் அது அதிலைதான் இருந்தது" என்றான் இந்திரகுமார். "நான் தினம் இதாலைதான் ஏறுறன். டொக்டர் நடக்கச் சொன்னவர்."

"தெரிஞ்சும் ஏன் தம்பி கேக்கேல்லை?"

"கேட்டனான். எழுபத்தெட்டோ எண்டு கேட்டன். ஓம் எண்டனீங்கள். கேக்கும் எடுத்தனீங்கள்."

சிவசோதி படியில் இருந்துவிட்டார். இருந்தால் எழும்புவது கஷ்டம் என்று தெரிந்தும் இருந்தார். நாவூறுக்குப் பயந்து மார்க்கை மறைத்தேன், பிள்ளை எஞ்சினியரிங் கேட்கிறாள், உங்களுக்குச் சொல்லாமல் மாற்றமாட்டேன் என்கிறாள், இன்று பின்னேரத்தோடு பூட்டுகிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"அதுக்கென்ன? மச்சானின்ரை மோன் இன்னும் சோபாவிலைதான் கிடக்கிறான். கதிரைக்கு ஆள் இருக்கு." இந்திரகுமார் இரண்டு படி இறங்கி வந்தான். "எனக்கு அது கோவம் இல்லை. என்ரை கண் பட்டிடும் எண்டு நினைச்சியளே, அதுதான்."

"உங்கடை கண் எண்டில்லை தம்பி..."

"பின்னை ஆற்றை கண்? அண்டைக்குப் போன் எடுத்தது நான்தானே?"

சிவசோதி நகத்தில் ஒட்டிய பசையைச் சுரண்டினார். கீழே இனிப்புக் கடையில் யாரோ ஜிலேபிக்கு விலை பேசினார்கள்.

"சரி, முதல் பிள்ளைக்கு அடியுங்கோ" என்றான் இந்திரகுமார்.

அடித்தார். "பிள்ளை, அங்கிளிட்டைச் சொல்லியாச்சு. மாத்து."

"உண்மையாவோ? போன முறையும் தலையை ஆட்டிக்கொண்டு போனீங்கள்."

"இந்தா, அவரோடையே கதை."

இந்திரகுமார் போனை வாங்கினான். "தாரகா, மாத்தும் பிள்ளை. இல்லை, எனக்குக் கோவம் இல்லை. படம் வடிவாயிருக்கு. ஓம், கொப்பர் படியிலை இருக்கிறார். நானே தூக்கிவிடுறன்."

ஒரு நிமிசம் கூட ஆகவில்லை. அந்தப் பக்கத்தில் சத்தம் கேட்டது: "டன் அங்கிள்! எல்லாம் நிரப்பி வச்சிருந்தனான். ஒரு கிளிக்தான் மிச்சம்." பிறகு நாகேஸ்வரியின் குரல்: "இனியும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ!"

இந்திரகுமார் முதல் தடவையாகச் சிரித்தான். சிவசோதியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

"உங்கடை பாத்ரூம், தம்பி" என்றார் சிவசோதி. "அண்டைக்குச் சொன்னது. பதிச்சுத் தாறன்."

"அண்டைக்கு வேண்டாம் எண்டனான். இப்ப வேணும்."

கீழே போனபோது வேன் கண்ணாடியில் தண்டச் சீட்டு இருந்தது. அதைப் பார்த்தும் சிவசோதிக்குக் கோபம் வரவில்லை.

ஜனவரி நடுவில் யூனியிலிருந்து இடம் வந்தது. நாகேஸ்வரி அன்றைக்கே ஹோம்புஷிலிருந்து பொயிண்ட் குக்கில் இருக்கிற தமக்கை வரை எல்லோருக்கும் போன் பண்ணிச் சொல்லி, இரவு திரும்பவும் மிளகாய் சுற்றினாள். இந்த முறை புகை மணிக்கு மேலே குளியலறைச் சவர் தொப்பியைப் போட்டு மூடிவிட்டு. "ஏனடி படத்தைக் குடுத்தனீ?" என்று சிவசோதி கேட்டதற்குத் தாரகா, "நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லையே அப்பா. படம்தானே குடுத்தனான்" என்றாள்.

இரண்டு வார இறுதிகளில் சிவசோதி இந்திரகுமாரின் குளியலறையை முடித்தார். தரை, நாலு சுவர், சவருக்குள் ஒரு மாடம் கூட, கேட்காமலே வைத்துக் கொடுத்தார். கடைசி நாள் இடைவெளிகளுக்குச் சாந்து பூசித் துடைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழும்பினார். இந்திரகுமார் கதவடியில் நின்று பார்த்தான்.

"வேலை கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணை."

"அப்ப கணக்குச் சரிதானே, தம்பி?"

இந்திரகுமார் டைலை விரலால் தடவிப் பார்த்தான். "பாத்ரூம் கணக்குச் சரி" என்றான். "டீ குடியுங்கோ."

சிவசோதி டீயைக் குடித்தார். ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. சீனி போதுமென்று சொன்னார். சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். 'உங்களைச் சந்தேகப்பட்டது என்ரை பிழை' என்ற ஒரு வரி மட்டும் இந்திரகுமாருக்கு அவர் இன்னும் கொடுக்கவேண்டிக் கிடக்கிறது.