ஒரு பிடி சோளம்

தாழ்ப்பாள் சத்தம் கேட்டதுமே கோழிகள் ஓடி வந்துவிட்டன. வேலியோரம் கிளறிக்கொண்டிருந்தவை, மண்ணில் புரண்டுகொண்டிருந்தவை, முட்டைப் பெட்டிக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தவை எல்லாமே இறக்கையை விரித்துக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வருகிறவர்கள் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து டிரைவரின் காலைச் சூழ்ந்துகொண்டன. அவர் சட்டைப் பையில் கையைவிட்டு மக்காச்சோளத்தை அள்ளி வீசினார். பொழுது உச்சிக்கு வருவதற்குள் அவர் இப்படி வீசுவது எத்தனையாவது முறை என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

பஸ் ஓட்டுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். அவருடைய மனைவி, கடல் தாண்டி இருக்கும் மகள் வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள். குழந்தை பிறந்து முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்ததும் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. குழந்தை சிரித்தது, குப்புற விழுந்தது, உட்காரவும் செய்தது. இப்போது மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளை எழுந்து நடக்கிறவரைக்கும் அம்மா இருந்தால் தேவலை என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று மனைவி போனில் கேட்டபோது, “உன் இஷ்டம்” என்றார். பெண் பார்த்த நாளிலிருந்து அவர் அவளுக்குச் சொல்லிவந்த பதில் அது ஒன்றுதான். அந்த இரண்டு வார்த்தைக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். வா என்பதையும்கூட.

கோழிகள் அவளுடையவை. தீவனத்தைத் தானே கலப்பாள். உடைத்த சோளம், தவிடு, அதோடு கணிசமாகச் சோயா புண்ணாக்கு, கொஞ்சம் மீன் தூள், முட்டை ஓடு கெட்டிப்படக் கிளிஞ்சல் தூள். கிளம்புகிற அன்று, டாக்ஸி வாசலில் நிற்க, மாப்பிள்ளைக்கு வாங்கிய சட்டை பெட்டிக்குள் போனதா என்று யோசித்துக்கொண்டே அவரைக் கொல்லைக்கு இழுத்துப் போய் எல்லாவற்றையும் ஒருமுறை சொன்னாள். முழுச் சோளம் சாயங்காலம் ஒரே ஒரு பிடி, கூட்டுக்குள் அடைவதற்கு ஆசை காட்ட மட்டும். அதிகம் போட்டால் வயிறு அதிலேயே நிறைந்துவிடும், புண்ணாக்கையும் மீனையும் தொடாது. புரதம் போகாத உடம்பில் கொழுப்புதான் ஏறும், முட்டை வராது என்றாள். அவர் தலையாட்டினார். அவள் போகிறாள் என்பதைத் தவிர வேறெதுவும் அவர் காதில் விழவில்லை.

முதல் சில வாரங்கள் சொன்னபடிதான் செய்தார். தீவனத்தைக் கொட்டினால் கோழிகள் தலையைக் குனிந்துகொண்டு தின்றன. கொட்டியவன் மனுஷனா மரக்கட்டையா என்று ஒன்றும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்தால் குளிர்சாதனப் பெட்டி உறுமுகிற சத்தம் மட்டும். ஒருநாள் நடுப்பகலில், பொழுது போகாமல், சோளத்தை ஒரு கை அள்ளிக்கொண்டு வெளியே வந்தார். அன்றைக்கு அவை ஓடி வந்த வேகத்தைப் பார்த்து மனிதர் அசந்துபோய்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலையில் இருந்த காலமெல்லாம் ஜனங்கள் அவருடைய வண்டியைப் பார்த்து ஓடி வந்திருக்கிறார்கள். அவரைப் பார்த்து யாரும் ஓடி வந்ததில்லை.

பிறகு முட்டை குறைந்தது. கோழிகள் என்னவோ உருண்டு திரண்டுதான் இருந்தன. ஆனால் ஒன்றின் பின்னால் ஒன்று போய் இறகைப் பிடுங்கின. பிடுங்கியதை விழுங்கவும் செய்தன. கருப்பி என்ற கறுப்புக் கோழியின் முதுகு வழித்தெடுத்த மாதிரி ஆகிவிட்டது. டிரைவர் வெயிலைக் குற்றம் சொன்னார், பக்கத்து வீட்டுப் பூனையைக் குற்றம் சொன்னார். சோளத்தின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வரக் கூடாது என்று மனசு பார்த்துக்கொண்டது என்று சொல்வதுதான் நியாயம். கோழிகள் இப்படியே கெட்டால் அவள் கவலைப்பட்டு வந்துவிடுவாளே என்று ஒரு நினைப்பும் ஓரத்தில் கிடந்தது. சீ, என்ன மனுஷன் நான் என்று அதைத் தள்ளிவிடுவார். அது நகர்ந்து போய் வேறொரு ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வாரம் வீடியோவில் பேசும்போது கோழிகளைக் காட்டச் சொன்னாள். அவர் தூரத்தில் நின்று காட்டினார். கிட்டே போங்கள் என்றாள்.

“கருப்பி முதுகுல என்னங்க?”

“இறகு உதிருது. பருவம்தானே.”

“உதிர்ந்தா முளை குத்திக்கிட்டு வரும். இது பிடுங்கினது. உடம்புக்கு வேண்டியது கிடைக்கலைன்னாதான் இறகைத் தின்னும். சோளம் எவ்வளவு போடுறீங்க?”

“ஒரு பிடிதான்.”

“எத்தனை தடவை?”

அவர் செருப்பு நுனியால் மண்ணைக் கீறினார். அவள் திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஓடி வருதுன்னு போடுறீங்க” என்றாள், மெதுவாக.

அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்குத் தனியாகப் பொழுது ஓடாது, வந்துவிடு என்று. வாய் வரைக்கும் வந்தது. அவளுக்குப் பின்னால் குழந்தை எதையோ தட்டிவிட்டுக் கெக்கலித்தது. டிரைவர் சரி என்றார். முழுச் சோளத்தை அடியோடு நிறுத்தவும், புண்ணாக்கை ஒரு கை கூட்டவும், மீன் தூளை லேசாக ஈரப்படுத்தித் தூவவும் அவள் சொன்னதை இந்தமுறை கேட்டுக்கொண்டார்.

கோழிகள் சும்மா விடவில்லை. தீவனத்திலிருந்த சோள உடைசலை மட்டும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைக் காலால் வாரி இறைத்தன. படியில் வந்து நின்றுகொண்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தன. அவர் சொந்த வீட்டில் திருடன் மாதிரி தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நகர்த்தினார். கருப்பி ஒருநாள் அவருடைய காலிச் சட்டைப் பையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. அன்றைக்கு மனசு கேட்கவில்லை; சோள மூட்டையின் கட்டைப் பாதிவரை அவிழ்த்துவிட்டார். பிறகு இறுக்கிக் கட்டிப் பரண்மேல் போட்டார். நாட்கள் போகப் போக, பசியில் வழிக்கு வந்து அவை எல்லாவற்றையும் தின்றன. இறகு பிடுங்குவது நின்றது. தாழ்ப்பாள் எவ்வளவு பலமாகச் சத்தம் போட்டாலும் ஓடி வருவதும் நின்றது.

முட்டை மறுபடி விழத் தொடங்கியபோது, மகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய வாரமும் வந்திருந்தது. அம்மா இருக்கிறாளா, இல்லை பிள்ளைக்கு ஆள் பார்ப்பதா என்று அவளுக்கும் தெரிய வேண்டாமா. டிரைவர் முட்டைகளை ஒரு கிண்ணத்தில் அடுக்கிவைத்து அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இன்னும் போடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் இங்கே வந்து நிற்பாள். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஆனால் குழந்தை யாரோ ஒருத்தியின் இடுப்பில் அழுவது கண்முன்னே வந்தது. பொய்யை அப்படியே விழுங்கினார்.

போன் வந்ததும் கிண்ணத்தை எடுத்துத் திரைக்கு நேராகக் காட்டினார்.

“போட ஆரம்பிச்சிடுச்சு.”

அவள் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

“கருப்பியும் போடுதா?”

“அதுவும்தான். நீ கவலைப்படாதே. எல்லாம் நடக்குது இங்க.”

“நடக்குதா” என்றாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். ஒதுக்கிய கை அங்கேயே நின்றது.

“போடலைன்னே சொல்லியிருக்கலாம்லங்க” என்றாள்.

கிண்ணத்தைப் பிடித்திருந்த கை அவருக்குத் தாழவில்லை. என்ன சொன்னாள் என்பது உள்ளே இறங்குவதற்குள் அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. இதோ வரேன் என்று அவள் போனை எதன் மீதோ மல்லாக்க வைத்துவிட்டுப் போனாள். திரையில் வெள்ளைக் கூரையும் ஒரு விளக்கும் மட்டும் தெரிந்தன. அவள் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதும், வார்த்தையில்லாமல் ராகம் இழுப்பதும் கேட்டது. டிரைவர் பின்படியில் போய் உட்கார்ந்து, அந்த வீட்டுக் கூரையை முழங்கால்மேல் சாய்த்து வைத்துக்கொண்டார்.