ஆளுக்குப் பாதி

அது தொண்ணூறாம் ஆண்டா, தொண்ணூற்றொன்றா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. மருந்துச் சோதனைக் கூட்டம் நடந்த அறையில் ஜன்னல் இருந்ததாகக் கேட்ட நினைவு. இல்லவே இல்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. ராய்ஸ் அன்று சொன்னதை மட்டும் அவன் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன்.

ராய்ஸ் சிட்னியில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்நகரின் டார்லிங்ஹர்ஸ்ட் பகுதியில் அவனும் டென்ஸிலும் பதினோரு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் வாழ்ந்தவர்கள். இருவருக்குமே எய்ட்ஸ் கிருமி இருந்தது. வேகமாக இளைத்தவன் டென்ஸில். புது மருந்து ஒன்றின் சோதனை தொடங்கியதும் இருவரும் பெயர் கொடுத்தார்கள். அந்தச் சோதனைக்காக ஊர்வலம் போய், அரசு அலுவலக வாசலில் படுத்து, இரண்டு தடவை போலீஸ் வண்டியில் ஏறியவர்கள் அவர்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஆனால் நாக்குக்குத் தெரிந்துவிட்டது. மாத்திரைகள் வந்த அன்றே சமையலறை மேசையில் ஆளுக்கொன்றைப் பிரித்து நக்கிப் பார்த்தார்கள். ராய்ஸுடையது எட்டிக்காயாகக் கசந்தது. டென்ஸிலுடையது லேசாக இனித்தது.

"உனக்கு எப்பவும் இனிப்புதான் விழும், மகாராணி," என்றான் ராய்ஸ்.

டென்ஸில் சிரித்தான்.

தன்னுடையது முழுவதையும் அவனையே தின்னச் சொன்னான் ராய்ஸ். டென்ஸில் ஒப்பவில்லை. தினமும் ஆளுக்கு ஒரு கசப்பு, ஒரு இனிப்பு என்று முடிவாயிற்று. அந்தத் தெருவில் இதே நோயில் கிடந்தவர்களுக்குள் சூப்பும் துவைத்த போர்வையும் அப்படித்தான் வீடு வீடாகப் போயின. மாத்திரை மட்டும் எப்படித் தனியாக இருக்கும்?

டென்ஸிலுக்கு மூன்று கிலோ எடை கூடியது. மறுபடி மாடிப்படி ஏறினான்.

சோதனைக் குழுவில் நோயாளிகள் சார்பாக ஒரு நாற்காலி வேண்டுமென்று சண்டை போட்டு வாங்கியிருந்தார்கள். அதில் உட்கார்ந்தவன் ராய்ஸ். ஒரு வருஷம் கழித்து, சோதனையை நடத்திய டாக்டர் ஆஷ்பி அங்கே முடிவை வாசித்தாள். மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. மருந்தை நிறுத்திவிடலாம்.

வாயைத் திறந்தால், தங்களைப் போலவே மாத்திரையைப் பங்கு போட்ட நண்பர்களைக் காட்டிக்கொடுத்ததாகும். திறக்காவிட்டால் டென்ஸிலுக்கு மருந்து கிடையாது. ராய்ஸ் வாயைத் திறந்தான்.

"மாவு சாப்பிட்டாங்கன்னு நீங்க எழுதியிருக்கிற ஆளுங்க மாவு மட்டும் சாப்பிடல, டாக்டர்."

ஆஷ்பி பேனாவைக் கீழே வைத்தாள். "எத்தனை பேரு?"

"எங்க தெருவுல ஒம்பது ஜோடி எனக்குத் தெரியும். மத்த தெருவுல நான் விசாரிக்கல."

ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லியிருந்தால் எல்லோரையும் வெளியே தள்ளியிருப்பீர்கள் என்றான். அவள் மறுக்கவில்லை.

"அப்ப இந்த முடிவு குப்பைதான். மருந்து வேலை செய்யுதுன்னும் சொல்ல முடியாது, செய்யலைன்னும் சொல்ல முடியாது. முதல்லேர்ந்து தொடங்கணும். ஒண்ணரை வருஷமாவது ஆகும்."

"அதுவரைக்கும் சாப்பிடறவங்களுக்காவது குடுங்க. டென்ஸிலுக்கு எடை ஏறியிருக்கு. நீங்களே குறிச்சு வச்சிருக்கீங்க."

"எந்தப் பட்டியல்ல குறிச்சிருக்கேன், பாருங்க," என்று தாளைத் திருப்பிக் காட்டினாள்.

மாவுப் பட்டியலில் இருந்தது. மாவிலேயே எடை ஏறுகிறது, மருந்து வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக அந்த மூன்று கிலோ அங்கே நின்றது.

ராய்ஸ் பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனான். சாகப்போகிறவனிடம் மாவைக் கொடுத்தவர்கள் மேல் கோபம் வந்தது. நக்கிப் பார்த்த தன் நாக்கின் மேலும் வந்தது. எந்தக் கோபத்தையும் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.

டென்ஸில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டு முடித்தபின் கத்தியை ஓரமாக வைத்தான்.

"அப்ப நான் அதைத் தின்னாம இருந்திருக்கணுமாடா?"

ராய்ஸ் அந்தக் கத்தியை எடுத்து மிச்சக் கிழங்கைச் சீவினான்.

கையிலிருந்த கசப்பு மூன்று வாரம் வந்தது. அடுத்த குளிர்காலத்தில், அங்கே அது ஜூலை, டென்ஸில் இறந்தான். புதுச் சோதனை பதினாறு மாதம் கழித்துத் தொடங்கியது. ராய்ஸும் மற்றவர்களும் விடாமல் சண்டை போட்டதால் அதில் யாருக்கும் மாவு கொடுக்கப்படவில்லை. மருந்து கொஞ்சம் வேலை செய்தது, அவர்கள் நம்பிய அளவுக்கு இல்லை. ஆஷ்பி கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருந்த ஊர் ஒன்றுக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். அந்த ஒன்பது ஜோடிகளில் நான்கு பேர், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் காலம்வரை பிழைத்திருந்தார்கள். ராய்ஸ் அவர்களில் ஒருவன். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சிட்னிக்கு வடக்கே நியூகாஸிலில் தனியாக இருக்கிறான்.