மச்சான் கை படாத வண்டி

கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடியே ஒரு பொருள், ஒரே ஒரு பொருள், தன் வீட்டில் இருக்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் கருப்புசாமிக்கு மிச்சமிருந்த ஆசை இவ்வளவுதான். பல்லடத்தில் தறிக்குடோனில் நெசவு ஓடுகிறது, சிங்காநல்லூரில் சொந்த வீடு இருக்கிறது, பெண்ணைப் பெருந்துறையில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வேறு என்ன குறை என்று கேட்டால், மச்சான்தான்.

மச்சான் பாலுசாமி, மனைவி மயிலாத்தாளின் கூடப் பிறந்த அண்ணன். கணபதியில் ஒரு மோட்டார் பம்புப் பட்டறையில் வேலை பார்க்கிறார். திருகாணி ஒன்று கண்ணில் பட்டால் அவருக்குக் கை நிற்காது. நல்லாத்தான் ஓடுகிறது, விட்டுவிடுங்கள் என்று சொன்னால், இன்னும் நல்லா ஓடட்டுமே என்பார். கிரைண்டருக்குப் பழைய பம்பு மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அன்றிலிருந்து மாவு சுவரில் பாதி, உரலில் பாதி. மிக்சியை ஒன்றில் வைத்தால் மூன்றாவது வேகத்திலும், மூன்றில் வைத்தால் ஒன்றாவது வேகத்திலும் ஓடும். வாசலில் காலிங்பெல்லை அழுத்தியவன் உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிக்கிறவரை அது அடித்துக்கொண்டே இருக்கும். பழைய பியட் காரின் கதையைச் சொல்லவே வேண்டாம். அந்தியூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பட்டுவேட்டியோடு அதைத் தள்ளிக்கொண்டு வந்ததை நினைத்தால் கருப்புசாமிக்கு இன்றைக்கும் காது சிவக்கும்.

போதாக்குறைக்கு, எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் இரண்டு போல்ட்டாவது மிஞ்சும். பாலுசாமி அதைத் துடைத்து, கருப்புசாமி கையில் கொடுத்து, "இதெல்லாம் வேண்டாததுங்க மாப்ள, கம்பெனிக்காரன் சும்மா வெச்சிருக்கறான்" என்பார். அப்படி மிஞ்சினவை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சமையலறைப் பலகையில் இருந்தன. மனைவியின் அண்ணன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? கருப்புசாமி பல்லைக் கடித்துக்கொண்டே காலத்தைத் தள்ளினார்.

தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம், ஆடி பிறப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஆனி மாதக் கடைசியில் அவினாசி ரோட்டு ஷோரூமுக்குப் புது கார் எடுக்கப் போனார்கள். மயிலாத்தாள் அண்ணனை விட்டுவிட்டு வருவாளா? அவரும் வந்தார். கருப்புசாமி காருக்கு முன்னால் நின்று அதன் வெள்ளை நிறத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தபோதே, பாலுசாமி பானெட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே தலையை விட்டிருந்தார்.

டை கட்டின விற்பனைக்காரப் பையன் எல்லாரையும் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்து, இன்னொரு காகிதத்தை நீட்டினான். முதல் வருஷம் எது கெட்டாலும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். இப்போதே கொஞ்சம் கூடக் கட்டிவிட்டால் அதற்கு மேல் மூன்று வருஷமும் பார்த்துக்கொள்ளும், எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று விளக்கினான். மயிலாத்தாளுக்குச் சுருக்கென்றது. புது வண்டிக்கு இன்னும் மாலைகூடப் போடவில்லை, அதற்குள் அது கெட்டுப்போகும் என்று கையெழுத்துப் போடுவதா என்று கேட்டாள். கருப்புசாமிக்கும் அது வேண்டாத செலவாகத்தான் பட்டது. நல்ல வண்டி நல்ல வண்டி என்று இவ்வளவு நேரம் சொன்னவனே இப்போது கெட்டுப்போனால் என்கிறானே என்று எரிச்சலாகவும் வந்தது. வேண்டாம் தம்பி என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் பாலுசாமி முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் எதுக்குங்க மாப்ள? ஒரு வருசம் கம்பெனிக்காரன் பாக்கட்டும். அதுக்கப்பறம் நானிருக்கறேனுங்கள்ல?"

சரியாக ஒரு வருஷம் முடிந்த மறுநாள் காலை, மச்சான் பையோடு வந்து இறங்கி வண்டியை அக்கக்காகப் பிரித்துப் போடுவது கருப்புசாமியின் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. காகிதத்தை வாங்கி, வெளி மெக்கானிக் யாராவது கை வைத்தால் என்ன ஆகும் என்று பையனிடம் விசாரித்தார். கம்பெனி ஆளைத் தவிர வேறு யார் ஒரு போல்ட்டைக் கழற்றினாலும் வாரண்டி அத்தோடு போச்சு சார் என்றான் பையன்.

"நாலு வருசத்துக்குமா?"

"நாலு வருசத்துக்குமுங்க சார்."

அந்த நிமிஷம் அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது கருப்புசாமிக்கு. எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டுவிட்டார். மயிலாத்தாள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பாலுசாமி எழுந்து, கையைத் தன் கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்து, திறந்தே கிடந்த பானெட்டை மெல்லச் சாத்திவிட்டு வந்து, தன் ஜூஸைக் குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

வெற்றி என்றால் அப்படி ஒரு வெற்றி. ஆனால் ஒரு வாரம்கூட அதை அனுபவிக்க முடியவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே எங்கேயோ கடகடவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. சர்வீஸுக்குக் கொண்டுபோய் விட்டார். பளபளவென்று கழுவி, உள்ளே வாசனை அடித்து, சத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடியும் விட்டார். மறுபடியும் கழுவினார்கள். மூன்றாம் தடவை அங்கே இருந்த அதிகாரி, வண்டியில் ஒன்றுமில்லை, சாருக்கு அப்படித் தோன்றுகிறது என்றார். சிங்காநல்லூரிலிருந்து பல்லடம் வரை தினமும் தோன்றுகிறதே, இதை யாரிடம் சொல்லி அழுவது? மச்சானிடம் சொல்லலாம். சொன்னால் திறந்துவிடுவார். கருப்புசாமி சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

பதினெட்டாம் பெருக்கன்று ஆடி நோம்பிக்கு வழக்கம்போலப் பாலுசாமி டிவிஎஸ் பிப்டியில் பையோடு வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பிறகு சமையலறைக்குள் போய், மிக்சி இரைகிற மாதிரி இருக்கிறதே என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தார். கருப்புசாமிக்கு வாரண்டி கொடுத்த தைரியம் இன்னும் இறங்கவில்லை. அதற்கும் கம்பெனி ஆளை வரச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் சும்மா உட்காருங்கள் மச்சான் என்று சொல்லிவிட்டார்.

பாலுசாமி சும்மா உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் இருந்திருப்பார். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, பட்டறையில் அவசர வேலை என்று எழுந்துவிட்டார். நோம்பி நாளில் என்ன பட்டறை என்று மயிலாத்தாள் கேட் வரைக்கும் பின்னாலேயே போனாள். சோறு ஆக்கினது ஆக்கினபடியே இருந்தது. அதற்கப்புறம் அவர் வரவில்லை. போன் செய்தால் நல்லா இருக்கிறேன் என்பார், வைத்துவிடுவார்.

கருப்புசாமிக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. அதையும் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது அவருக்கு. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது சாப்பிட உட்கார்ந்தவர், ஒரு காரைத் தொடக்கூடாது என்றதற்கா இத்தனை வீம்பு, மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா என்று ஆரம்பித்தார்.

மயிலாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கண்ணன் எந்த எந்த நாள்ல வந்து எதை எதைக் கழட்டுனாருன்னு யோசனை பண்ணிப் பாத்திருக்கறீங்களா? கிரைண்டரு பொங்க நோம்பிக்கு. மிக்சி ஆடி நோம்பிக்கு. பெல்லு தீவாளிக்கு. பியட்டு, நம்ம புள்ள சடங்குக்கு."

கருப்புசாமி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"சொந்தமாப் பவுண்டரி வெச்சு நட்டப்பட்டுக் கையச் சுட்டுக்கிட்ட வருசத்துலிருந்து அவரால எனக்கு ஒரு சீலை எடுத்துக் குடுக்க முடியலீங்க. அண்ணன்காரன் நோம்பிக்குச் சீருத் தட்டு இல்லாம எப்படிங்க தங்கச்சி ஊட்டுப்படி ஏறுவான்? ஒரு வேலையச் செஞ்சு போட்டாத்தான் இந்த ஊட்டுச் சோத்துல அவரு கை நனைப்பாரு. சும்மா உக்காருன்னு சொல்லிப்போட்டீங்களே."

இத்தனை வருஷம் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். சொல்லிவிட்டால் எங்கண்ணனுக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள். மாவு சுவரில் தெறிக்கிற கிரைண்டரை மாற்றிப் புதிதாக எடுக்கலாம் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியும் அவள் ஒத்துக்கொள்ளாதது அப்போதுதான் உறைத்தது. அவர் தட்டில் சோறு ஆறிப்போயிற்று. தன் மேலேயே அத்தனை கோபம் வந்தது அவருக்கு. மச்சான் மேலும் கொஞ்சம் வந்தது. சீர் வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

தீபாவளி அன்று காலையில் மயிலாத்தாள் போன் செய்தாள். பாலுசாமி, உடம்பு சரியில்லை அம்மணி, இன்னொரு நாள் வாரேன் என்று சொல்லிவிட்டார். அவள் ரிசீவரை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கருப்புசாமி புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போர்ட்டிகோவுக்கு வந்தார். பானெட்டைத் திறந்தார். உள்ளே எது என்ன என்று அவருக்கு ஒரு எழவும் தெரியாது. கைக்கு எட்டின ஒரு குழாயின் கிளிப்பில் ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகினார். அது வராமல் அடம் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் திருகினார். குழாய் பிய்த்துக்கொண்டு வந்து, பச்சை நிறத் தண்ணீர் அவர் புது வேட்டியில் பாய்ந்து, தரையெல்லாம் ஓடியது. நாலு வருஷத்து வாரண்டி போனதை ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு ஈர வேட்டியோடு உள்ளே போய்ப் போனை எடுத்தார்.

"மச்சான், வண்டியிலிருந்து தண்ணி கொட்டுதுங்க."

"கம்பெனிக்காரனைக் கூப்பிடுங்க மாப்ள."

"அவன் வர மாட்டானுங்க. நான் கழட்டிப்போட்டேன். வாரண்டி போச்சுங்க."

போனில், கணபதியில் யாரோ சரம் வெடிக்கிற சத்தம் கேட்டது.

"எதைக் கழட்டுனீங்க?"

"எனக்கென்னங்க தெரியும்?"

"ஒண்ணையும் தொடாதீங்க. இதா வாரேன்."

அரை மணி நேரத்தில் டிவிஎஸ் பிப்டி வாசலில் நின்றது. உடம்பு சரியில்லாத ஆள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக வண்டிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையை அத்தனை வருஷத்தில் முதல்தடவையாகத் திட்டினார். எதைக் கழற்றுகிறோம் என்று தெரியாமல் யாராவது கழற்றுவார்களா, படிச்ச மனுஷன்தானே, காசு கொட்டி வாங்கின வாரண்டியை இப்படியா தொலைப்பது என்று வெளுத்து வாங்கினார். கருப்புசாமி கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

குழாயை மாட்ட ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். அதோடு விட்டாரா? வண்டியைக் கிளப்பி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார், கடகட சத்தம் காதில் விழுந்ததும் ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறேன் என்று அங்கே ஒரு பலகையைக் கழற்றி, ஒயர்களை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். போர்ட்டிகோ முழுக்கப் புது காரின் உறுப்புகள் பழைய சாக்கின் மேல் கிடந்தன. கருப்புசாமிக்கு ரத்தம் கொதித்தது. போதும் மச்சான் என்ற சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. உள்ளே சமையலறையில் மயிலாத்தாள் தேங்காய் துருவிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. சொல்லை விழுங்கிவிட்டு, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

உச்சி வெயிலுக்கு எல்லாவற்றையும் மாட்டி முடித்தார் பாலுசாமி. சாக்கின் மேல் மூன்று போல்ட் மிஞ்சியிருந்தது. துடைத்து நீட்டினார்.

"வேண்டாததுங்க மாப்ள. கம்பெனிக்காரன் சும்மா வெச்சிருக்கறான்."

கருப்புசாமி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். பாலுசாமி ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "அம்மணி, கை கழுவக் கொஞ்சம் மண்ணெண்ணெய் கொண்டா. பசிக்குது, எலையப் போடு" என்றார்.

அன்றைக்கு அவர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மயிலாத்தாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினாள்.

மறுநாள் பல்லடம் போகும்போது சத்தம் நின்றிருந்தது. கருப்புசாமிக்கு நம்பவே முடியவில்லை. சூலூர் தாண்டி ஒரு லாரிக்கு ஹாரன் அடித்தார். மழை இல்லை, மேகமும் இல்லை, வைப்பர் இரண்டும் எழுந்து ஒரு தடவை ஆடிவிட்டுப் படுத்தன. மறுபடியும் அடித்துப் பார்த்தார். மறுபடியும் ஆடின. ரோட்டோரம் நிறுத்தி, வாய்க்கு வந்தபடி மச்சானை வைதார். குடோனுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஆத்திரத்தோடு போனை எடுத்துக் கணபதிக்குச் சுற்றினார். பாலுசாமியின் குரல் கேட்டதும் ஆத்திரம் எங்கேயோ போய்விட்டது.

"மச்சான், வைப்பர்ல ஒரு சின்ன வேலை இருக்குதுங்க."

"இப்பவே வாரட்டுங்களா?"

"இப்ப ஒண்ணும் அவசரமில்லீங்க," என்றார் கருப்புசாமி. "பொங்க நோம்பிக்கு வாங்க."