அருவிச் சத்தத்தில் சொன்னது

மகள் கறாராகச் சொல்லியிருந்தாள். "திங்கக்கிழமை அம்மாவ ஆஸ்பத்திரியில சேர்க்கணும். அதுக்குள்ள நீங்களே விஷயத்தச் சொல்லிடுங்கப்பா. டாக்டர் வாயால தெரிய வேணாம்."

டயர் கடைக்காரருக்கு வீட்டுக்குள் வைத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. வயிற்றுப்புண்தான், காற்று மாறினால் சரியாகும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, மனைவியைத் தேசியப் பூங்காவுக்கு அழைத்து வந்துவிட்டார். பக்கத்துத் தெருவுக்குக்கூட அவளைச் சும்மா கூட்டிப்போகாத மனிதர்!

"என்னங்க, திடீர்னு புது மாப்பிள்ளை மாதிரி?" என்று பஸ்ஸில் அவள் சிரித்தாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் அருவியிலேயே சொல்லிவிடுவது என்றுதான் இறங்கினார். அவளோ செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு குஷியாக நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து எந்தப் பாவி சொல்வான்? இரண்டாவது அருவியில், "இங்க பாரு..." என்று ஆரம்பித்தார். பார்த்தாள். "பாறை வழுக்கும், மெதுவா நட" என்று முடித்துக்கொண்டார். கடையில் மூச்சு விடாமல் பேசுகிற வாய், பெண்டாட்டியிடம் மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டது.

மூன்றாவதுதான் கடைசி. இரண்டு மலைகளுக்கு நடுவே கிடுகிடு பள்ளம். ஆறு மொத்தமும் அதற்குள் விழுகிறது. பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காத இரைச்சல். அவள் நாலடி தள்ளி, கம்பித் தடுப்பைப் பிடித்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குத் துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. எப்படியும் கேட்காது என்ற தெம்பில் அவள் பக்கமாகத் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டே சொன்னார். "புண்ணு இல்லடி, புத்துநோய். முத்திப்போச்சுன்னு கைய விரிச்சுட்டாங்க. நீ போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?"

கண்ணைத் திறந்தபோது அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்காதுதான். ஆனால் அவள் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக எத்தனையோ வருஷம் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவள். அந்தத் தடதடப்பில் காது உதவாது. பெண்கள் உதட்டைப் பார்த்தே ஊர்வம்பு முழுவதையும் பேசித் தீர்ப்பார்கள். என் பெண்டாட்டி கண்ணாலேயே கேட்பாள் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டவரே இவர்தான். அழுகையில் அதுகூட மறந்து தொலைந்தது.

அவள் உதடு அசைந்தது. இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிட்டே வந்து அவர் காதோடு வாயை வைத்துக் கத்தினாள்.

"எத்தனை மாசம்?"

அவள் அவர் கையைப் பிடித்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். மூன்றாவது விரலில் அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

அவள் நான்காவதையும் பிரிக்கப் பார்த்தாள். இதற்கு மேல் பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. விரலை இறுக மடக்கிக்கொண்டார்.