விட்டுக்கொடுத்த மூன்று மாதம்

எங்கள் கோம் நகரில் தவணை வைத்துச் செய்யும் கல்யாணத்துக்கு ஸீகே என்று பெயர். அதற்காக ஓதும் அரபு வாக்கியத்துக்கும் ஸீகேதான். அதில் இருக்கும் பெண்ணையும் ஸீகே என்றுதான் சொல்வார்கள். ஆணுக்கு மட்டும் புதுப் பெயர் கிடையாது. அவர் எப்போதும்போல ஹாஜி.

என் ஹாஜியின் பெயர் எனாயத். சோஹான் மிட்டாய்க் கடை முதலாளி. நான் அங்கே டப்பாவில் மிட்டாய் அடுக்குகிறவள், புருஷனை இழந்தவள். ஒரு வருடத் தவணை, மஹர் என்கிற மணக்கொடை ஒரு தையல் மெஷின். கடையின் பின்னறையில் அவர் சொல்லித்தர நான் ஓதினேன், அவர் ஏற்றுக்கொண்டேன் என்றார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சாட்சி இல்லை, பதிவு இல்லை.

"அல்லா பார்த்துக்கிட்டு இருக்கான். அதுக்கு மேல சாட்சி எதுக்கு, தாஹெரே?" என்றார். நானும் மண்டையை ஆட்டினேன். அந்த மண்டையை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மிட்டாய் அடுக்கும் மேசையில் இந்தப் பேச்சு வந்தாலே சண்டைதான். எதிரில் இந்த ஊர்க்காரி அக்தஸ், ஷியா; வயதில் மூத்தவள் என்பதால் அவளை 'கானும்' என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். பக்கத்தில் ஜாஹெதானிலிருந்து வந்த துர்பீபி, சுன்னி.

"எங்க பக்கம் இதைக் கல்யாணம்னே ஒத்துக்க மாட்டாங்க. நபியே தடுத்துட்டாரு," என்பாள் துர்பீபி.

"நபி தடுக்கலடி, பின்னாடி வந்தவர் தடுத்தாரு. குர்ஆன்லயே இருக்கு, போய்ப் பாரு."

"அவ்ளோ நல்ல காரியம்னா உங்க பொண்ணுக்கு ஒண்ணு பண்ணி வைங்களேன், கானும்!"

"வாயைக் கழுவுடி! என் பொண்ணு என்ன நாதியத்தவளா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு டப்பா மூடியை அழுத்தினேன். ஒருத்திக்கு அது ஹலால், ஒருத்திக்கு ஹராம். நாதியற்றவள் நான்தான் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

தவணையின் ஒன்பதாவது மாதத்தில் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. ஹாஜியிடம் சொன்னேன். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே எழுந்து போனார். மறுநாள் காலையில் போனில் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி. அன்று மத்தியானமே என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

"கொடுத்து வச்சவ நீ, தாஹெரே. நமக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடுச்சு. நிம்மதியா போ," என்று வாசல்வரை வந்து சொன்னார். அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டேன், "அப்ப இது?" "எனக்கென்ன தெரியும்?" என்றார் அந்த மனிதர். அல்லா பார்த்துக்கொண்டு இருந்தான்.

எல்லாவற்றையும் துர்பீபியிடம் கொட்டினேன். திட்டுவாள் என்று பார்த்தால், "போனைக் குடு," என்றாள். கேட்டாள். மறுபடியும் போட்டுக் கேட்டாள். "அழாதடி லூசு. உன் ஹாஜி தன் வாயாலயே மாட்டிக்கிட்டாரு. இதை அழிச்சே, கையை உடைச்சிருவேன்."

குடும்ப நீதிமன்றத்துக்கு ஐந்து மாத வயிற்றோடு போனேன். அப்பன் பெயர் இல்லாமல் பிறந்தால் என் பிள்ளைக்கு அடையாளப் புத்தகம் வாங்குவதற்குள் நாய் படாத பாடு படவேண்டும். எனக்கு வேண்டியது அந்தப் பெயர், அவர் இல்லை.

"இந்தம்மா என் கடையில வேலை பார்த்தவங்க, ஐயா. வேற எந்த சம்பந்தமும் இல்லை," என்றார் ஹாஜி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு.

நான் போனை நீதிபதியின் மேசைமேல் வைத்து அந்தச் செய்தியை அழுத்தினேன். அவர் குரல் நிதானமாக வந்தது.

"பிஸ்மில்லா. தாஹெரே, நம்ம ஸீகேயில பாக்கி இருக்கிற மூணு மாசத்தை உனக்கு விட்டுக்கொடுத்துட்டேன். வாயால சொல்லணும், அதான் சொல்றேன். இனிமே நீ எனக்கு ஹராம்."

மார்க்கச் சட்டத்தை அணு அணுவாகப் பார்க்கிற மனிதர். சொல்லாமல் விட்டால் பாவம் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து சொன்னார். பிள்ளையைக் கைவிடுவதற்கு மட்டும் அவருக்குப் பயமே இல்லை.

ஹாஜி எழுந்தார். "அது... அவசரத்துல சொல்லிட்டேன், ஐயா. அந்த மூணு மாசத்தைத் திரும்ப எடுத்துக்கறேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "விட்டுக்கொடுத்த காலத்தைத் திரும்ப எடுக்க முடியாது, ஹாஜி, உங்களுக்குத் தெரியாததா? இருக்கட்டும். சம்பந்தமே இல்லாத அம்மாவுக்குக் கொடுக்க மூணு மாசம் எங்கேயிருந்து வந்துச்சு?"

துர்பீபி பின்வரிசையில் சத்தமாகவே சிரித்தாள்.

கல்யாணத்தைப் பதியச் சொல்லி உத்தரவானது. எழுத்தர் பக்கத்து அறையில் தாளை நிரப்பினார். என் பெயருக்கு எதிரே "ஸீகே" என்று எழுதினார். ஹாஜி பெயருக்கு எதிரே "ஹாஜி, வியாபாரி".

"அவருக்கும் ஸீகேன்னு எழுதுங்க," என்றேன்.

"ஆம்பளைக்கு அப்படி எழுதுற வழக்கம் இல்லையேம்மா."

"அவரும்தானே அந்த வாக்கியத்தைச் சொன்னாரு? நான் மட்டுமா தனியா நின்னு பண்ணிக்கிட்டேன்? எழுதுங்க. இல்லைன்னா நான் இங்கேயிருந்து நகர மாட்டேன். வயித்துல இருக்கிறது இந்த மேசைமேலயே பிறக்கட்டும்!"

எழுத்தர் என்னைப் பார்த்தார், வாசலில் கைகட்டி நின்ற துர்பீபியைப் பார்த்தார். பிறகு எழுதிய இரண்டையும் அடித்தார். என் பெயருக்கு எதிரே "தாய்" என்று எழுதினார். ஹாஜி பெயருக்கு எதிரே "தந்தை" என்று எழுதி, அவர் பக்கம் பேனாவை நீட்டினார்.

ஹாஜி பேனாவை வாங்கினார். கையெழுத்து விழும்வரை நான் உட்காரவில்லை.