நயினார் தலையில் வெங்காயம்

என் வீட்டுக்காரருக்குத் தலைமயிர் என்றால் உயிர். ஐம்பது தாண்டியும் சட்டைப்பையில் சீப்பு இல்லாமல் வெளியே போகமாட்டார். பெயரை நான் சொல்லக்கூடாது. செஞ்சி கடைத்தெருவில் மணிலாக்கொட்டை மண்டிப் பலகையில் தர்மதாஸ் நயினார் என்று எழுதியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்.

ஆசாரத்திலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நாங்கள் ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம், வெங்காயம் பூண்டு வீட்டுக்குள் வராது. போன வருஷம் மருமகள் அனந்தமதிக்கு மசக்கை. குடித்த கஞ்சிகூட வயிற்றில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் மனசு கேட்காமல் வெங்காயம் போட்ட வடை கொடுத்தாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் கிணற்றடியில் நின்றபடியே தின்றாள். அன்றைக்குத்தான் அவளுக்குச் சாப்பாடு தங்கியது. ஆனால் வாடை இவர் மூக்குக்கு எட்டிவிட்டது.

"வெங்காயம் பட்டவ இந்த வூட்ல இருக்கக்கூடாது" என்றார். பெட்டியோடு அவளைச் சீயமங்கலத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, பஸ் ஏற்றிவிட்டார். பேரன் அங்கேயே பிறந்தான். அவன் முகத்தைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. அவனைப் பெற்ற என் மகனோ, அப்பா எதிரில் வாயே திறக்காத உத்தமன். நான் எப்போது கேட்டாலும் வீட்டுக்காரர், "ஆசாரம் ஆசாரந்தான்" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கு அந்த வார்த்தையே கசந்துபோயிற்று.

இந்த வருஷம் உச்சந்தலையில் எட்டணா அகலத்துக்கு அவருக்கு மயிர் கொட்டிவிட்டது. புழுவெட்டு. பேரனைப் பார்க்காமலே நிம்மதியாகத் தூங்கிய மனுஷன், மயிர் போனதும் தூக்கத்தைத் தொலைத்தார்.

பஸ் ஸ்டாண்டில் ஒருவன் விற்ற எண்ணெயை வாங்கி வந்தார். பாட்டில் மேலிருந்த பெண்ணுக்கு முழங்கால்வரை கூந்தல். இவருக்கு வந்ததோ சளி. திண்டிவனத்து டாக்டர் ஒரு களிம்பைக் கொடுத்து, "தானா வளரும், பொறுமையா இருங்க" என்றாராம். இதைச் சொல்ல ஒரு டாக்டரா என்று களிம்பைத் தூக்கி எறிந்தார். கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சியது நான். என் கைதான் கறுத்தது, அவர் தலை அசையவில்லை.

ஒருநாள் தலையணை உறையைத் துவைக்க எடுத்தேன். குப்பென்று அடித்தது. முகர்ந்து பார்த்தேன், சந்தேகமே இல்லை.

சாயங்காலம் இலைமுன் உட்கார்ந்தவரிடம் கேட்டேன்.

"தலையில இன்னா தடவுறீங்க?"

"மூலிகை."

"இன்னா மூலிகை?"

இலையில் தண்ணீர் தெளித்தார்.

"வெங்காயந்தானே?"

முகம் செத்துவிட்டது. "சிங்கவரம் துரைராஜ் வைத்தியர் சொன்னாரு. சின்ன வெங்காயத்த நறுக்கி, தோல் செவக்கிற வரைக்கும் தேக்கணுமாம். மண்டியிலதான் தேச்சுக்கிறேன். வாயில வெக்கலியே மருதேவி. மருந்துக்குத் தோஷமில்ல."

சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"வயித்துப் பிள்ளைக்காரிக்கு ஒரு வாய் சோறு தங்கிச்சே, அது மருந்து இல்லியா? உங்க மொட்டைக்கு ஒரு ஆசாரம், அவ பசிக்கு ஒரு ஆசாரமா?"

பரிமாறவில்லை. உள்ளே போய் அவருடைய இரண்டு வேட்டியைப் பையில் திணித்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எங்க போறதுக்கு?" என்றார்.

"சீயமங்கலத்துக்கு. வெங்காயம் பட்டவங்கள அங்கதானே அனுப்புவீங்க? போங்க. வந்தா அவளோட வாங்க, இல்லாட்டி அங்கயே இருங்க."

வெற்று இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் மூன்று பேராக வந்து இறங்கினார்கள். பேரனை என் கையில் கொடுத்தாள் அனந்தமதி. கொழுகொழுவென்று இருந்தான், தலையில் நாலே மயிர். அதற்காக யாரும் அவனுக்கு வைத்தியம் பார்க்கவில்லை. அவனை அணைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

ராத்திரி மருமகளிடம் வெங்காய வைத்தியத்தைச் சொன்னேன். அடுத்த நாள் காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து, கண்ணம்மாள் கொடுத்த எதையோ உரித்துக்கொண்டிருந்தாள். வாடை கூடம்வரை வந்தது. ஓர் இலைத்துண்டில் வைத்துக் கொண்டுவந்து மாமனார் முன் நீட்டினாள்.

"உரிச்சு வெச்சிருக்கேன் மாமா. மருந்து விட்டுப்போகக் கூடாது."

அவள் முகத்தில் சிரிப்பில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார். குனிந்ததில் அந்த எட்டணா நன்றாகவே தெரிந்தது.